குச்சனூரில் ஒரு கறுப்புச் சட்டை

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை குச்சனூர் போயிருந்தேன். சுரபி நதிக்கரையில் நல்ல கூட்டம். கடைகளில் எல்லாம் எள்ளும் கறுப்புத் துணியும்தான். சனீஸ்வரரைக் கும்பிட்டு வெளியே வந்தால் "சார்!" என்று ஒரு குரல். முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. வெள்ளை வேட்டி, தேய்த்த மடிப்புக் கலையாத கறுப்புச் சட்டை. பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் மகள்.

"சட்டை எடுப்பா இருக்கேப்பா" என்றேன்.

சிரித்துவிட்டான். "நீங்களே சொல்றீங்களா சார்! எட்டாப்புல வைகை அணைக்கு டூர் போனோமே, அன்னைக்குக் கறுப்புச் சட்டை போட்டு வந்தேன். 'நீயே கறுப்பு, இதுல சட்டையும் கறுப்பா? இருட்டுனா பல்லு மட்டும்தான்டா தெரியும்'னீங்க. பஸ்ஸே சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் கறுப்பு எடுத்ததே இல்ல. இது பாப்பா வாங்கிக் குடுத்தது."

எனக்கு அந்த நாள் நினைவில் இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதாக நினைத்துக்கொண்டு அப்படியெல்லாம் பேசிய வாத்தியார்தான் நான். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. சரித்திர வாத்தியாருக்கு மனசு சரியில்லை என்றால் பழசைக் கிளறுவதைத் தவிர வேறென்ன தெரியும்?

முதலில் ஒன்று. நம் சங்கப் பாட்டுகளில் பெண்ணின் அழகுக்கு ஒரு பெயர் உண்டு: மாமை. மாந்தளிர் போன்ற மாநிறம். காதலன் பிரிந்து போனால் அந்த மாமை கெட்டு உடம்பு வெளுத்துப் போகும். அதற்குப் பெயர் பசலை. அதாவது, வெளுப்பை நம் முன்னோர் நோயின் அடையாளமாகப் பாடியிருக்கிறார்கள்! இந்தப் பாட்டுகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லி மார்க் போட்ட நாங்கள்தான், ஆண்டு விழா மேடையில் சிவப்பான பிள்ளைகளைத் தேடிப் பிடித்து முன்வரிசையில் நிறுத்தினோம்.

பெயர்களைப் பாருங்கள். கருப்பசாமி, கருப்பாயி, கருத்தம்மா. என் வருகைப் பதிவேட்டில் இந்தப் பெயர்கள் இல்லாத வருஷமே கிடையாது. எல்லாம் சாமி பெயர், பாட்டி பெயர். ஆனால் பெயரைக் கூப்பிட்டதும் அந்தப் பெண் பிள்ளைகள் குனிந்துகொண்டுதான் "உள்ளேன் ஐயா" சொல்லும். நம்ம அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 1994-இல் 'கருத்தம்மா' என்றே ஒரு படத்துக்குப் பெயர் வைத்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இனி உடைக்கு வருகிறேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனால் கறுப்பை எடுத்துப் பார்க்கக்கூட விடமாட்டார்கள் நம் அம்மாக்கள். துக்கத்துக்கும் சனிக்கும் உரிய நிறமாம். அதே அம்மாக்கள் கார்த்திகை பிறந்தால் மகனுக்குக் கறுப்பு வேட்டி வாங்கி, கையெடுத்துக் கும்பிட்டு, "சாமி" என்று கூப்பிட்டு மாலை போட அனுப்புவார்கள். அந்த நாட்களில் கம்பம் சாலையில் நின்று பாருங்கள். குமுளி வரைக்கும் கறுப்பாகத்தான் இருக்கும்.

கறுப்பைத் துணிந்து சட்டையாக்கியவர் பெரியார். 1945-இல் திருச்சி மாநாட்டையொட்டிக் கருஞ்சட்டைப் படை உருவானது. சமுதாயத்தில் நமக்கு இருக்கும் இழிவுக்குத் துக்கம் காட்டும் அடையாளம் என்றுதான் அதற்கு விளக்கம் சொன்னார்கள். கட்சிக்காரர்கள் எல்லோரும் அணிய வேண்டுமா என்பதில் அண்ணாவுக்கே மாறுபட்ட கருத்து இருந்தது. 1946 மே மாதம் மதுரையில் வைகை மணலில் கருஞ்சட்டை மாநாடு நடந்தபோது பந்தலுக்குத் தீ வைத்தார்கள். 1948-இல் அரசாங்கம் அந்தப் படையையே தடை செய்தது. அவருடைய கொள்கையை ஏற்பவர்களும் இருப்பீர்கள், ஏற்காதவர்களும் இருப்பீர்கள். அந்த விவாதம் இங்கே வேண்டாம். நான் பார்ப்பது ஒன்றைத்தான். துக்கத்துக்கென்று போட்ட சட்டையைக் கொஞ்ச காலத்திலேயே கஞ்சி போட்டுத் தேய்த்து, நெஞ்சை நிமிர்த்திப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

1975-ஆம் வருஷத்தில் ஒரு வேடிக்கை. முகத்தை வெளுக்க வைக்கும் என்று சொல்லி ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் கடைக்கு வந்தது அந்த வருஷம்தான். ரஜினிகாந்த் என்ற கறுப்பான இளைஞர் 'அபூர்வ ராகங்க'ளில் முதன்முதலாகத் திரையில் வந்ததும் அதே வருஷம்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் ரஜினி மாதிரி தலையைக் கோதிக்கொண்டே அந்த க்ரீமையும் பூசினார்கள்! 2009-இல் சென்னையிலிருந்து 'கறுப்பே அழகு' என்று ஒரு பிரசாரம் கிளம்பியது. பின்னால் நடிகை நந்திதா தாஸும் சேர்ந்துகொண்டார். 2020-இல் க்ரீம்காரர்கள் பெயரிலிருந்த 'ஃபேரை' எடுத்துவிட்டு 'க்ளோ' என்று போட்டார்கள். பெயர்தான் மாறியது.

அமெரிக்காவில் 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் வெள்ளைப் பொம்மையும் கறுப்புப் பொம்மையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கறுப்பினப் பிள்ளைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். 1954-இல் பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் குறிப்பிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். நடத்திவிட்டு டூர் பஸ்ஸில் ஏறி அந்தப் பேச்சும் பேசியிருக்கிறேன்.

அன்றைக்குக் குச்சனூரில் அவனிடம், "தப்புப்பா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவன் கூச்சப்பட்டுக்கொண்டு, "அட விடுங்க சார், நீங்க நடத்துன பானிபட் யுத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு, வாங்க டீ சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். காசு கொடுக்கவும் விடவில்லை.

கிளம்பும்போது மகள் எங்களைப் படம் எடுத்தாள். பார்த்தால் இரண்டு பேரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறோம். போன் தானாகவே வெளுப்பாக்கிவிடுமாம். "இது யாரு பாப்பா? அதை ஆஃப் பண்ணிட்டு இன்னொண்ணு எடு" என்றான் அவன்.

கீழே இருப்பது அந்த இரண்டாவது படம். அவன் சம்மதத்தோடுதான் போட்டிருக்கிறேன்.