தஞ்சை சுவார்ட்சு ஐயர் கோயில்

நம் சுவாமிமலையிலிருந்து தஞ்சை சென்று பெருவுடையாரைத் தரிசித்துத் திரும்பும் அன்பர்களில், அவ்வாலயத்தை அடுத்த சிவகங்கைப் பூங்காவினருகே நிற்கும் பிராட்டஸ்டண்டு கோயிலை நோக்கினவர் சிலரே. அதன் சரித்திரம் நம்மனோர் அறியத்தக்கது.

ஜெர்மானியரான சுவார்ட்சு ஐயர் 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றார். 1778-இல் தஞ்சையில் நிலையாகத் தங்கினார். அடுத்த ஆண்டு, துளஜா மகாராஜா காலத்தில், சிவகங்கைக் கோட்டைக்குள் இக்கோயில் எழுந்தது. பின்னர் ஹைதர் அலியின் படையெடுப்பால் பஞ்சம் நேர்ந்தது. நாட்டில் நெல் இருந்தும் கோட்டைக்குக் கொண்டுவர எவரும் துணிந்திலர். முன்பு கொடுத்ததற்குக் கிரயம் கிடைக்காமையே காரணம். ஐயர் தம் வாக்கைப் பிணையாக்கவே குடிகள் நெல்லும் மாடும் கொணர்ந்தனர். காவிரிக் குடிகளாகிய நாம் இதன் அருமையை எளிதில் உணர்வோம்.

இனி, சாதிச் சங்கத்தாராகிய நாம் மறைக்கலாகாத செய்தியொன்றுண்டு. அக்காலத்துத் தஞ்சைச் சபையில் வேளாளர் ஒருபுறமும் ஆதிதிராவிடர் மறுபுறமுமாக அமர்ந்தே தொழுதனர். ஐயர் அதனை வன்மையாகத் தடுத்திலர். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிக என ஆணையிட்டார். தஞ்சையில் பெருங்கலகம் மூண்டது; பலர் சபையை விட்டு நீங்கினர்; பிற்காலத்தில் லீப்சிக் லுத்தரன் மிஷனைச் சார்ந்தவரும் உளர். ஐயரின் மாணாக்கரும் பெரும்புலவருமாகிய வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பொருட்டு வாதாடி எழுதினார். ஒரே கூரையின்கீழ் ஒரே தெய்வத்தை வேண்டியவர்கள் உட்காருமிடம் பற்றிப் பிரிந்தனர். பிறரைக் குறைகூறுமுன், நம் பந்திகளில் இலை போடப்பட்ட முறையையும் நாம் நினைத்துக்கொள்வது நலம்.

ஐயர் 1798 பிப்ரவரி 13-இல் காலமானார். துளஜா தம் சுவீகார புத்திரர் சரபோஜியை அவரிடமே ஒப்புவித்திருந்தார். அவ்வாண்டே அரியணை ஏறிய சரபோஜி, இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல் நினைவுச்சின்னம் ஒன்று செய்வித்தார். வெண்கலம் வார்க்கும் ஊரினராகிய நம் கண்ணுக்கு அதன் வேலைப்பாடு அதிசயமாகத் தோன்றாமலும் போகலாம். ஆயினும் மரணப்படுக்கையிலுள்ள ஐயரின் கையைத் தலைப்பாகையணிந்த அரசர் பற்றி நிற்கும் அக்காட்சியை விட்டுக் கண்ணை எடுப்பது அரிது. தம் சமயத்தை ஒருநாளும் விடாதவர் அவ்வரசர். அச்சிலை இன்றும் அக்கோயிலுள் இருக்கின்றது.