டர்போ அழுத்தக் குறைவு: கண்டறியும் முறையின் வரலாறு

டர்போ பொருத்திய எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம் தேவையான அளவை எட்டாத நிலை டர்போ அழுத்தக் குறைவு ஆகும். பட்டறைகளில் இது ‘பூஸ்ட் குறைவு’ எனப்படுகிறது. சமவெளியில் மெதுவாக ஓட்டும்போது தெரியாத இக்குறை, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் பாதையில் வண்டி இழுக்காமல் திணறும்போது வெளிப்படும்.

தோற்றம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் அமைப்புக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி 1905-ல் காப்புரிமை கோரினார். 1918-ல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சியில் விமான எஞ்சின் ஒன்றில் டர்போவைச் சோதித்தார். உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சின் இழக்கும் திறனை ஈடுகட்ட முடியும் என்பது அதில் உறுதியானது. 1962-ல் அமெரிக்காவில் டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் டர்போ டீசல் காரை அறிமுகப்படுத்தியது.

கொங்கு நாட்டில்

1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் நாமக்கல், சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றன. இதனால் டீசல் எஞ்சின் பழுதுபார்ப்பு இப்பகுதியில் பலருக்குப் பழகிய தொழிலானது. 2007-ல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல் போன்ற கார்களால் டர்போ நடுத்தரக் குடும்பங்களையும் எட்டியது.

கண்டறியும் முறைகள்

தொடக்கத்தில் கரும்புகை, காற்றுக் கசியும் ஓசை, முள் கேஜ் ஆகியவையே மெக்கானிக்குக்குத் துணை. கேஜ் சுற்றுக் காற்றைவிடக் கூடுதலான அழுத்தத்தை மட்டுமே காட்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் காற்றழுத்தம் ஏறத்தாழ 96 கிலோபாஸ்கல்; 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 77. ஆகவே கேஜ் 100 கிலோபாஸ்கல் காட்டினால், எஞ்சினுக்குள் மொத்த அழுத்தம் கோவையில் 196, உதகையில் 177 மட்டுமே.

மின்னணு முறை வந்தபின் சென்சார் மொத்த அழுத்தத்தையே அளந்தது. அளவு குறைந்தால் கணினி ‘பி0299’ என்னும் பிழைக்குறியைப் பதிவு செய்து, எஞ்சினைக் காக்க அதன் திறனையும் குறைக்கக்கூடும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பும்போது சென்சார் அவ்வூரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். வேறு அளவு காட்டினால் சென்சாரையே முதலில் ஐயுற வேண்டும்.

பிழைக்குறி குறையின் இருப்பைச் சொல்லுமே தவிர, இடத்தைச் சொல்லாது. ஆகவே அடைபட்ட ஏர் ஃபில்டர், கிழிந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், இன்டர்கூலர் கசிவு, விரிந்த வேக்கும் டியூப், சிக்கிக்கொண்ட ஆக்சுவேட்டர், டர்போவுக்கு முன் புகை கசிவது, சைலன்சர் பக்க அடைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பார்த்த பிறகே டர்போவைக் கழற்றுவது முறை. டர்போவின் விலை அதிகம். ஹோஸின் விலை மிகக் குறைவு. டர்போவே பழுதாகியிருந்தாலும் அதற்கான காரணத்தைக் காண வேண்டும். எண்ணெய்க் குழாய் அடைப்பால் தண்டு தேய்ந்திருந்தால், அடைப்பை நீக்காமல் மாட்டும் புதிய டர்போவும் விரைவில் அதே போலத் தேயும்.