இங்கிலாந்தில் உள்ளாட்சிக் கவுன்சிலர்களின் படிகள்

இங்கிலாந்தில் கவுண்டி, மாவட்ட, நகர மன்றங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கவுன்சிலர்களுக்கு மாதச் சம்பளம் என்று சட்டத்தில் ஏதும் இல்லை. ஆண்டுப் படி உண்டு. அதன் தொகையை அந்தந்த மன்றமே தீர்மானம் போட்டு முடிவு செய்கிறது. ஆனால் அதற்கு முன் சுயேச்சையான ஊதியக் குழு ஒன்றின் பரிந்துரையைப் பெற்றாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தையொட்டி வந்த இம்முறை, 2003ஆம் ஆண்டு விதிகளால் இன்றைய வடிவத்தை அடைந்தது.

தொடக்க வரலாறு

ஊர் வேலை பார்ப்பவருக்கு ஊரே கூலி கொடுப்பது இங்கிலாந்துக்குப் புதிதல்ல. இடைக்காலத்தில் நாடாளுமன்றத்துக்குச் சென்ற நகரப் பிரதிநிதிக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங்கும் கவுண்டிப் பிரதிநிதிக்கு 4 ஷில்லிங்கும் அவரை அனுப்பியவர்கள் தந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் மறைந்தது. ஹல் நகரத்திடம் கூலி பெற்றுவந்த கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல், அவ்வாறு பெற்ற கடைசி உறுப்பினர்களுள் ஒருவர்.

1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் 178 நகரங்களில் பழைய மூடிய குழுக்களை நீக்கி, வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கும் மன்றங்களை அமைத்தது. வாக்குரிமை விரிந்தாலும் பதவியின் கதவு அகலத் திறக்கவில்லை. பெரிய நகரங்களில் கவுன்சிலராக நிற்க 1,000 பவுண்டு சொத்தோ, 30 பவுண்டு வரிமதிப்புள்ள கட்டடமோ வேண்டும். இந்தச் சொத்துத் தகுதி 1880இல்தான் நீங்கியது. 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி மேயருக்கு மட்டும், மன்றம் நியாயமெனக் கருதும் ஊதியத்தைத் தரலாம். கவுன்சிலருக்கு ஒரு பென்னியும் கிடையாது.

ஊதியமில்லாத இந்தச் சேவையை உயர்ந்த பொதுத்தொண்டு மரபு என்று புகழ்வோர் பலர். தொண்டு மனம் இருந்தது உண்மையே. பர்மிங்காமில் 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லைன், எரிவாயுவையும் குடிநீரையும் தனியாரிடமிருந்து நகராட்சியின் கைக்குக் கொண்டுவந்தார். திருகாணித் தொழிலில் பெருஞ்செல்வம் சேர்த்து 1874இல் தொழிலை விட்டு ஒதுங்கியவர் அவர். தம் பொழுது முழுவதையும் நகருக்குத் தர அவரால் முடிந்தது. ஆலைத் தொழிலாளிக்கு அது முடியாது. பகலில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போனாலே அரைநாள் கூலி போய்விடும். ஆகவே மன்றங்கள் வணிகர், ஆலை முதலாளி, வழக்கறிஞர் ஆகியோரின் இடமாகவே நெடுங்காலம் இருந்தன.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1911இல் ஆண்டுக்கு 400 பவுண்டு ஊதியம் வந்துவிட்டது. கவுன்சிலர்களோ மேலும் 37 ஆண்டுகள் காத்திருந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் பயணப்படி, உணவுப்படி ஆகியவற்றோடு வருமான இழப்புப் படியையும் தந்தது. இழந்த கூலியைக் கணக்குக் காட்டித்தான் இதைக் கேட்க முடியும். சம்பளமின்றி வீட்டு வேலை பார்த்துவந்த பெண் கவுன்சிலருக்கு, இழந்த வருமானம் என்று காட்ட ஒன்றும் இல்லை. 1960களின் நடுவில் உள்ளாட்சி நிர்வாகத்தை மாட் தலைமையிலான அரசுக் குழு ஆராய்ந்தபோது கவுன்சிலர்களில் பெண்கள் 12 விழுக்காடே இருந்தனர்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1974 முதல் வருகைப்படி வந்தது. நாளொன்றுக்கு உச்ச அளவு 10 பவுண்டு. கூட்டத்துக்கு வந்தால்தான் பணம் என்பதால், வீடு வீடாகப் போய் மக்கள் குறை கேட்டவருக்கு ஒன்றும் கிட்டவில்லை. வேலைப்பளுவோ ஏறிக்கொண்டிருந்தது. மாட் குழுவின் கணக்கில் மாதத்துக்கு 52 மணி நேரமாக இருந்த கவுன்சிலர் பணி, 1976இல் கவுன்சிலர்களின் ஊதியம் பற்றி ஆராய்ந்த ராபின்சன் குழு கேட்டபோது 79 மணி நேரம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவான அடிப்படைப் படி வேண்டும் என்று 1977இல் ராபின்சன் குழு பரிந்துரைத்தது. அரசு அதை ஒதுக்கிவிட்டு, தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கான சிறப்புப் பொறுப்புப் படியை மட்டும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்த்தது. 1986இல் உள்ளாட்சி நடைமுறைகளை ஆராய்ந்த விடிகோம்ப் குழு, அடிப்படைப் படிக்கான கோரிக்கையை மீண்டும் எழுப்பியது. 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அடிப்படைப் படி கைகூடியது. நியாயமான ஒரு கோரிக்கை பத்தாண்டுக்கு மேல் கிடப்பில் கிடந்தது வருந்தத்தக்கது.

தொகையை நிர்ணயிக்கும் முறை

ஊதியக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவரும் அந்த மன்றத்தின் கவுன்சிலராக இருக்கக் கூடாது. பணிக்கு ஆகும் நேரத்தைக் குழு முதலில் மதிப்பிடுகிறது. அதில் ஒரு பங்கை, பெரும்பாலும் மூன்றில் ஒன்றை, ஊதியமில்லாத் தொண்டாகக் கழிக்கிறது. மீதி நேரத்தை அப்பகுதியின் சராசரி மணிக்கூலியால் பெருக்குவது பரவலான வழக்கம். வாரத்துக்கு 18 மணி நேரம் என்று கொண்டால் 6 கழிந்து 12 நிற்கும். மணிக்கு 15 பவுண்டு வீதம் 52 வாரங்களுக்கு 9,360 பவுண்டு வரும்.

அடிப்படைப் படி ஒரு மன்றத்தில் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பொறுப்புப் படி மன்றத் தலைவர், அமைச்சரவை உறுப்பினர், குழுத் தலைவர் போன்றோருக்கு உரியது. ஒரு கட்சி பெரும்பான்மையோடு ஆளும் மன்றத்தில் பொறுப்புப் படி வழங்கப்பட்டால், ஆளுங்கட்சியைச் சேராத ஒருவருக்கேனும் அது கிடைத்தாக வேண்டும் என்கிறது விதி. எதிர்க்கட்சிக்கு வாய்ப்பூட்டுப் போட விடாத நல்ல ஏற்பாடு இது. குழந்தைகளையும் முதியோரையும் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்கான படியும் உண்டு. வேண்டாதவர் எழுத்து மூலம் தம் படியை விட்டுக்கொடுக்கலாம்.

குழுவின் பரிந்துரையை மன்றம் கருத்தில் கொண்டால் போதும். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதுவே முறையின் பெரிய ஓட்டை. தன் படியைத் தானே கூட்டிக்கொண்டது என்ற பழிக்கு அஞ்சி, நியாயமான உயர்வையும் மன்றங்கள் தள்ளிவைப்பது உண்டு. அடுத்த தலைமுறையில் வசதியற்றவர் போட்டியிடத் தயங்குவதுதான் அதன் விளைவு.

அண்மை நிலை

வருகைப்படி ஒழிந்துவிட்டது. 2003இல் கிடைத்த ஓய்வூதியத் திட்ட உரிமை, 2014 ஏப்ரலில் இங்கிலாந்துக் கவுன்சிலர்களுக்கு மூடப்பட்டது. ஸ்காட்லாந்து 2007இல் 15,452 பவுண்டு ஆண்டு ஊதியத்தை நாடு முழுவதும் ஒரே அளவாக நிர்ணயித்தது. வேல்ஸில் தொகையை முடிவு செய்துவந்த சுயேச்சைக் குழு, 2025 ஏப்ரலில் தன் பணியை மக்களாட்சி, எல்லை ஆணையத்திடம் ஒப்படைத்தது. இங்கிலாந்திலோ கடைசி முடிவு இன்னும் அந்தந்த மன்றத்தின் வாக்கெடுப்பிலேயே இருக்கிறது.