மணவிலக்குக்குப் பின் மறுதுணை: நடுவயதினர் தெரிந்திருக்க வேண்டியவை

தாசேக் கெலுகோர் - நாற்பது, ஐம்பது வயதில் மணவிலக்குப் பெற்றவர் மீண்டும் ஒருவரோடு பழகுவது, எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூரிலும் தோட்டத்திலும் இன்னும் தாழ்ந்த குரலில் பேசப்படும் செய்தியாகவே இருக்கிறது. ஊர்வாய்க்கு அஞ்சி மறைவாகத் துணை தேடுபவர், கேட்க வேண்டியதைக் கேட்காமலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விட்டுவிடுகிறார். பின்னால் வரும் சிக்கல் பல இங்கேதான் தொடங்குகிறது.

மறுமணம் தமிழருக்குப் புதிய பேச்சன்று. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவிலக்கு உரிமையையும் கைம்பெண் மறுமணத்தையும் ஆதரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, மலாயாவில் சுற்றுப்பயணம் செய்தார்.

நேரத்தை முதலில் பேசுங்கள்

வட செபராங் பிறையிலிருந்து பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் தீவிலுள்ள மருத்துவமனைகளுக்கும் வேலைக்குச் செல்வோர் உண்டு. ஒருவருக்குப் பகல் ஷிப்ட், மற்றவருக்கு இரவு ஷிப்ட் என்றால் வாரக்கணக்கில் சந்திப்பு அமையாது. பதில் தாமதமானால் அக்கறையில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மாத வேலை அட்டவணையைப் பகிர்ந்துகொண்டு, பேசுவதற்கு ஒரு நேரம் குறித்து, அதைக் காப்பாற்றுவது நல்லது. பிள்ளைகளைப் பார்க்கும் நாளை நீதிமன்றமே வகுத்திருக்கலாம். அந்த நாளை விட்டுக்கொடுக்கும்படி கேட்கக்கூடாது.

பிரிந்து வாழ்வது மணவிலக்கு ஆகாது

முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தையும் மணவிலக்கையும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் ஆள்கிறது. இது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி ஒருவருக்கு ஒரு துணைதான். எத்தனை ஆண்டு தனித்து வாழ்ந்தாலும், நீதிமன்றம் தீர்க்கும் வரை முதல் திருமணம் உயிரோடுதான் இருக்கிறது.

நீதிமன்றம் முதலில் தருவது டிக்ரி நிசி என்னும் இடைக்காலத் தீர்ப்பு. வழக்கமாக மூன்று மாதம் கழித்தே அது டிக்ரி அப்சலூட் என்னும் இறுதித் தீர்ப்பாகும். அதன் பிறகுதான் மறுமணம் செய்ய முடியும். தேசியப் பதிவு இலாகாவில் பதியும்போது இறுதித் தீர்ப்பின் சான்றிதழைக் காட்ட வேண்டும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே அன்று. முதல் திருமணம் முடியாமல் இன்னொன்றைச் செய்வது, ஏழாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம்.

ஆகவே, பழகத் தொடங்கியதும் "வழக்கு எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்பது சந்தேகம் ஆகாது. கேட்டால் கோபப்படுபவரிடம் கூடுதல் கவனம் தேவை.

பணமும் பிள்ளைகளும்

முன்னாள் கணவரிடமிருந்து பெறும் பராமரிப்புத் தொகை, பெறுபவர் மறுமணம் செய்ததும் நின்றுவிடும். பிள்ளைக்கான பராமரிப்புக் கடமை அப்படித் தானாக முடியாது.

ஊழியர் சேமநிதியில் முன்னாள் துணைவரை வாரிசாகப் பெயர் கொடுத்திருந்தால், மணவிலக்கு மட்டும் அதை மாற்றாது. உறுப்பினரே மாற்ற வேண்டும். முஸ்லிம் அல்லாதவர் முன்பு எழுதிய உயில், மறுமணத்தோடு பொதுவாக ரத்தாகிவிடும். புதிய உயில் இல்லாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி துணைவருக்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பங்கு உண்டு. துணைவர் அழைத்துவந்த பிள்ளைக்கு, சட்டப்படி தத்தெடுக்காவிட்டால், பங்கில்லை. "எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்" என்று வாயால் சொன்னால் போதாது. எழுதி வைக்க வேண்டும்.

கைப்பேசிக் காதலும் மோசடியும்

தனிமையில் இருப்பவரே காதல் மோசடிக்காரரின் இலக்கு. வெளிநாட்டில் பொறியியலாளர், கப்பல் அதிகாரி என்று அறிமுகமாவார்கள். காணொளி அழைப்புக்கு வரமாட்டார்கள். பிறகு சுங்கத்தில் சிக்கிய பரிசுப் பொட்டலத்துக்குப் பணம் கேட்பார்கள். நேரில் காணாதவருக்கு ஒரு ரிங்கிட்கூட அனுப்ப வேண்டாம். காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைச் சோதிக்கலாம். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கோ 997 எண்ணுக்கோ அழைத்து, போலீஸ் புகாரும் செய்ய வேண்டும்.

முதல் சந்திப்பு பட்டர்வொர்த் போன்ற ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில் இருக்கட்டும். தாசேக் கெலுகோரிலிருந்து கொமுட்டர் ரயிலிலேயே போய்வரலாம். அக்காவோ நண்பரோ, நம்பிக்கையான ஒருவருக்காவது எங்கே, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவது நல்லது.

பிள்ளைகளிடம் எப்போது சொல்வது? உறவு உறுதிப்பட்ட பிறகு, ஊரார் சொல்லும் முன். வளர்ந்த பிள்ளை முதலில் முகம் திருப்பலாம். அம்மாவோ அப்பாவோ தானே சொன்ன செய்தியை ஏற்றுக்கொள்ள அதற்குக் காலம் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டார் மூலம் தெரிந்துகொண்டால் அந்த மனக்காயம் ஆற நெடுநாள் ஆகும்.