முந்திரியும் முந்நூற்றிருபதும்

தமிழர் கீழ்வாய் இலக்கத்துள் முந்திரி என்பது 320இல் ஒரு பங்காகும். முதல் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நிலவளவை முந்திரிக்கும் கீழே செல்கின்றது. இவ்வெண் தேரப்பட்டமைக்குக் காரணம் யாது?

ஒன்றைப் பாதிபாதியாகப் பகுப்பின் அரை, கால், அரைக்கால், வீசம் (1/16) என்பன பிறக்கும். இருபதாகப் பகுப்பின் மா (1/20) பிறக்கும். இவ்விரு முறையும் எச்சமின்றி ஒன்றுதற்கு 80இல் ஒன்றாகிய காணியே போதுமன்றோ எனின், ஒப்பிடுதற்கும் கூட்டுதற்கும் போதும், பெருக்குதற்குப் போதாது. வீசத்தை மாவாற் பெருக்க வருவது முந்திரி. 16ஐ 20ஆற் பெருக்க வருவது 320. எனவே வீசத்துள் முந்திரி 20, மாவினுள் 16. முந்திரியை முந்திரியாற் பெருக்கக் கீழ்முந்திரி (1/1,02,400) பிறக்கும். இரு பகுப்பு முறைகளின் பெருக்கமே இவ்வெண் என்பது எம் துணிபு.

ஆயினும் 320இன் பகாக் காரணிகள் 2, 5 என்னும் இரண்டே. 3 அவற்றுள் இல்லை. ஒரு வேலியை உடன்பிறந்தார் மூவர் பகிரின், ஆளுக்கு 106 முந்திரி போக இரண்டு எஞ்சும். கீழ்முந்திரி எத்துணை அடுக்கினும் எச்சம் சிறுகுமேயன்றித் தீராது. முன்னோர் கணக்கைப் போற்றுவோர் இவ்வெல்லையையும் உடன் கூறுதல் வேண்டும். அதுவே ஆராய்ச்சி நெறி.