அந்த விதியை எழுதியவர் யார்? – அகோரசிவாசாரியரும் நம் தோட்டத்துக் கோயிலும்



நெகிரி செம்பிலானில் நான் பணியாற்றிய தோட்டமொன்றில் கோயிலை இடம் மாற்ற வேண்டிய நிலை வந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த நிலம், செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமாக மாறிக் கொண்டிருந்த காலம் அது. லயத்து வீடுகளில் பாதி காலியாகி விட்டன. எஞ்சியோர் கோயில் முன்றிலில் கூடிப் பேசினர். நகரத்திலிருந்து வந்திருந்த குருக்கள், “முதலில் பாலாலயம் அமைக்க வேண்டும். அம்பாளின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்யாமல் மூர்த்தத்தை அசைக்கக் கூடாது. அதுதான் விதி” என்றார். அக்கோயிலில் ஐம்பது ஆண்டுகளாகப் பூசை செய்து வந்த பூசாரித் தாத்தா எழுந்து, “எங்கப்பாரு ஒரு செங்கல்ல நட்டு, சூலத்த ஊனி, சூடங்காட்டினாரு சாமி. அன்னிக்கு எந்த விதி வந்து வழி சொல்லுச்சு?” என்று கேட்டார். கூட்டம் அமைதியாயிற்று.

மறுநாள் வகுப்பில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், “ஐயா, அந்த விதிய எழுதினது யாரு?” என்றான். “ஆகமம்” என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கி விட்டேன். அது விடையன்று என்பது எனக்கே தெரியும். ஒரு நூலைக் கேட்டால் ஆசிரியர் பெயரும் காலமும் சொல்ல வேண்டும் என்று மாணவர்க்குக் கற்பிக்கும் நானே, அவ்விரண்டையும் சொல்லாமல் நழுவினேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விதி நூலார் வாழ்ந்த நூற்றாண்டு

சிவாலயக் குருமார் பலர் இன்றும் கைக்கொள்வது அகோரசிவாசாரியர் பத்ததி. ‘பத்ததி’ என்பது ஆகமங்களில் சிதறிக் கிடக்கும் கிரியைகளைச் செய்முறை வரிசையில் தொகுத்துத் தரும் கைந்நூல். அகோரசிவர் இயற்றிய ‘கிரியாக்கிரமத்யோதிகை’ கி.பி. 1157-58 அளவில் எழுதப்பட்டது. சோழ நாட்டில் இரண்டாம் இராசராசன் (1146 – 1173) ஆண்ட காலம் அது. தாராசுரத்துக் கற்கோயிலை எழுப்பியவன் அவனே. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னர், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் தில்லையில் பெரியபுராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அடியாரின் அன்பைத் தமிழில் பாடிய நூலும், வழிபாட்டின் ஒழுங்கை வடமொழியில் வரையறுத்த நூலும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒரே மண்ணில் தோன்றின.

பன்னிரண்டாம் நூற்றாண்டு உலகின் பல பகுதிகளிலும் சமய விதிகளைத் தொகுத்து ஒழுங்கு செய்த காலமாகும். இத்தாலியில் பொலோஞா நகரத்துக் கிராசியன் என்பார், 1140-ஆம் ஆண்டளவில், ஒன்றோடொன்று முரண்பட்ட திருச்சபைச் சட்டங்களை எல்லாம் திரட்டி இணக்கம் கண்டு, பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். சாளுக்கியரின் கலியாண நகரில் விஞ்ஞானேசுவரர், யாஞ்ஞவல்கிய மிருதிக்கு ‘மிதாட்சரம்’ என்னும் உரையை எழுதியது அதற்குச் சற்று முன்னர். பழைய நூல்கள் பலவாகி, ஒன்று ஒருவிதமாகவும் மற்றொன்று வேறுவிதமாகவும் கூறும்போது, ‘எதைச் செய்வது?’ என்று திகைப்பவர்க்கு விடை தர ஒருவர் வேண்டியிருந்தது. சைவத்திற்கு, தென்னாட்டில், அப்பணியைச் செய்தவர்களுள் தலையாயவர் அகோரசிவர்.

எழுதியவை

அகோரசிவர் ஆமர்த்தக மடத்து மரபினர். அவரைச் சிதம்பரத்தோடு தொடர்புபடுத்திக் கூறுவது வழக்கம். அவர் கற்ற நூல்களோ சோழ நாட்டு எல்லைக்குள் அடங்கியவையல்ல. காசுமீரத்து இராமகண்டர், மாளவத்துத் தாரா நகரை ஆண்ட போசராசர், அவர்களுக்கும் முற்பட்ட சத்தியோசோதி ஆகியோரின் நூல்கள் வடக்கிலிருந்து தெற்கே வந்து சேர்ந்திருந்தன. ‘அட்டப்பிரகரணம்’ எனப்படும் எட்டுச் சித்தாந்த நூல்களுள் தத்துவப்பிரகாசம், தத்துவசங்கிரகம், தத்துவத்திரயநிர்ணயம், போககாரிகை, நாதகாரிகை, இரத்தினத்திரயம் ஆகிய ஆறுக்கு அகோரசிவர் உரை கண்டார். மிருகேந்திர ஆகமத்திற்கு நாராயணகண்டர் வரைந்த உரைக்கு மேலும் விளக்கம் எழுதினார். துவிசதிகாலோத்தரம், சருவஞ்ஞானோத்தரம் ஆகியவற்றிற்கும் அவருடைய உரைகள் உண்டு.

அவருடைய நிலைப்பாடு உறுதியான இருமைக் கொள்கை. இறைவன் வேறு, உயிர் வேறு. வீடு பெற்ற உயிர் சிவனுக்கு ஒப்பாகுமேயன்றிச் சிவனோடு ஒன்றாகி விடாது. உலகிற்கு மாயையே முதற்காரணம். குடத்திற்குக் குயவனைப் போல் இறைவன் நிமித்த காரணன். தமக்கு முன் உரை செய்தோர் ஒருமைக் கொள்கையை உள்ளே நுழைத்துச் சித்தாந்தத்தைக் குழப்பி விட்டனர் என்பது அவரது மனக்குறை.

விதிக்கு இவ்வளவு பெருமை ஏன்? இவ்வினாவுக்கும் விடை அக்கொள்கையிலேயே இருக்கிறது. உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலம் வெறும் அறியாமையன்று. அது ஒரு பொருள் என்பது இம்மரபின் துணிபு. கண்ணில் படலம் படர்ந்தவனிடம் ‘உன் கண்ணில் படலம் இருக்கிறது’ என்று ஆயிரம் முறை சொன்னாலும் பார்வை திரும்பாது. மருத்துவர் கருவி எடுத்து அதனை அகற்ற வேண்டும். அதுபோல, மலத்தை நீக்க அறிவுரை போதாது. தீக்கை என்னும் செயல் வேண்டும். செயல் வேண்டுமெனில் அது பிழையின்றி நடைபெற வேண்டும். பிழையின்றி நடைபெற விதி வேண்டும். கிரியாக்கிரமத்யோதிகையின் ஒவ்வொரு பக்கத்திற்கும் அடியில் இந்த நியாயமே நிற்கிறது.

பிழைக்கும் ஒரு நூல்

விதி இருந்தால் வழுவும் இருக்குமன்றோ? பூசை தவறினால் என்ன செய்வது? இலிங்கம் கைதவறி விழுந்தால் என்ன செய்வது? அகோரசிவரின் மாணாக்கர் திரிலோசனசிவர் இவற்றுக்கென்றே ‘பிராயச்சித்த சமுச்சயம்’ என்ற நூலைச் செய்தார். இன்ன பிழைக்கு இத்தனை முறை அகோர மந்திரம் ஓதுக, இன்ன பிழைக்கு உண்ணாநோன்பு இருக்க என்று கழுவாய்களை அது வகுக்கிறது. அன்றாட வழிபாட்டில் நேரும் குறைகளையெல்லாம் நிறைவு செய்ய, ஆண்டுக்கொரு முறை நூலிழைகளாலான பவித்திரத்தை இறைவனுக்குச் சாத்தும் சடங்கும் பத்ததிகளில் உண்டு.

எனக்கு இம்மரபில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மனிதன் தவறுவான் என்பதை இவ்வாசிரியர்கள் முன்னரே கணக்கில் எடுத்துக் கொண்டார்கள். தவறியவனைத் தள்ளி விடாமல், திரும்பி வரும் வழியையும் எழுதி வைத்தார்கள்.

இரண்டாவது வினா

இத்தனையையும் படித்துக் கொண்டு வகுப்பிற்குச் சென்றேன். கரும்பலகையில் ‘அகோரசிவாசாரியர், கி.பி. 1158 அளவில்’ என்று எழுதி விளக்கினேன். அதே மாணவன் மீண்டும் கை தூக்கினான். “அவரு எங்க தாத்தாவ உள்ள விட்டிருப்பாரா ஐயா?” பூசாரித் தாத்தாவின் பேரன் அவன்.

இதற்கு நேர்மையான விடை கசப்பானது. சைவ சித்தாந்தம் நான்கு வருணத்தாருக்கும் தீக்கை உண்டு என்றது. வேத வேள்விக்கு உரிமை மறுக்கப்பட்டவரையும் அது ஏற்றுக் கொண்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் என்னும் வேளாளர் ஒரு ஞான பரம்பரைக்கே தலைவராக விளங்கியதற்கு அந்த வாயில் திறந்திருந்ததும் ஒரு காரணம். ஆயினும், தீக்கை பெற்ற பின்னும் சாதி வேற்றுமை நீங்குவதாக இத்தென்னாட்டு மரபு கொள்ளவில்லை. திரிலோசனசிவரின் கழுவாய் நூலில் தீண்டலால் நேரும் ‘குற்றங்களும்’ இடம்பெறுகின்றன. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்டவர்களின் நிழலில் வாழ்ந்தவர்களே நம் தோட்டத்து மூதாதையருள் பலர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர்களின் இனத்தார் அழைத்துச் செல்லப்பட்டது 1939 சூலை 8-இல்தான். அதற்குள் அவர்களின் உறவினர் கடல் கடந்து வந்து, காடழித்து, பால்மரம் வெட்டி, மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் தாமே கோயில் கட்டி, தாமே பூசாரியாகவும் நின்றனர். ஊரில் திறக்காத கதவுக்கு அவர்கள் இங்கே காத்திருக்கவில்லை.

ஆகவே மாணவனிடம், “கருவறைக்குள் விட்டிருக்க மாட்டார்” என்றே சொன்னேன். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை.

நூலின் மற்றொரு முகம்

இருப்பினும் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கிரியாக்கிரமத்யோதிகையைக் கோயில் சட்ட நூலென்றே நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அதன் நித்திய பூசைப் பகுதியோ ஆன்மார்த்த பூசையைப் பற்றியது. அதாவது, தீக்கை பெற்ற ஒருவர் தம் இல்லத்தில், தம் கையிலுள்ள இலிங்கத்தை, தம் உயிரின் பொருட்டு வழிபடும் முறை. நீராடி, உடலைக் கருத்தினால் எரித்து, அமுதத்தால் நனைத்துப் புதிதாக்கி, இடம், பொருள், மந்திரம், இலிங்கம் ஆகியவற்றையும் தூய்மை செய்து, பின்னரே இறைவனை அழைக்க வேண்டும். ஊரையெல்லாம் ஆளும் அதிகாரத்தைவிட, ஒருவர் தம்மைத்தாமே ஒழுங்கு செய்து கொள்வதே அங்கு முதலிடம் பெறுகிறது.

அந்நூல் நம் கைக்கு வந்த வழியும் நினைக்கத் தக்கது. பதினாறாம் நூற்றாண்டளவில் நிருமலமணி தேசிகர் அதற்குப் ‘பிரபை’ என்னும் உரை எழுதினார். ஓலைகளில் பிழைத்திருந்த நூல், அவ்வுரையுடன் 1927-இல் சிதம்பரத்தில் கிரந்த எழுத்தில் அச்சேறியது. அட்டப்பிரகரணத்தை 1923 முதல் 1925 வரை தேவகோட்டையில் சிவாகம சித்தாந்த பரிபாலன சங்கம் பதிப்பித்தது. தேவகோட்டை நகரத்தார் ஊர். மலாயா நகரங்களில் வட்டித் தொழில் நடத்தித் தண்டாயுதபாணி கோயில்களை எழுப்பியவர்களும் நகரத்தாரே. 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் குருமார் இல்லங்களிலிருந்து ஓலைச்சுவடிகளைத் திரட்டியது. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. திரிலோசனசிவரின் கழுவாய் நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் முதன்முதலாகப் பதிப்பிக்கப்பட்டது 2015-இல்தான். குருமார் வாயிலாக மட்டுமே அறியப்பட்ட விதிகளை இன்று யாரும் எடுத்துப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம்.

இந்நெகிரி செம்பிலானில் நம் மலாய் அண்டை வீட்டார் ‘அடாட் பெர்பாத்தே’ என்னும் தாய்வழி மரபுச் சட்டத்தைப் பழமொழிகளாக வாய்வழியே காத்து வந்திருக்கின்றனர். நமக்கோ எழுதப்பட்ட நூலே இருக்கிறது. எழுதியவர் பெயரும் ஆண்டும் தெரிகின்றன. அப்படியிருந்தும் ‘விதி’ என்று சொல்லிப் பேச்சை முடித்து விடுகிறோம்.

கோயில் இடம் மாறிய நாள்

அடுத்த கூட்டத்தில் நான் அறிந்தவற்றைச் சொன்னேன். குருக்கள் நல்லவர், கோபம் கொள்ளாமல் கேட்டார். பழுதுற்ற மூர்த்தத்தையும் கோயிலையும் புதுப்பிக்கும் ‘சீர்ணோத்தாரணம்’ என்ற பகுதி பத்ததி மரபில் இருப்பதை அவரே எடுத்து விளக்கினார். இடிவதும் பெயர்வதும் இந்நூலார் காலத்திலேயே இருந்தன என்பது கேட்டவர்க்கு ஆறுதலாயிற்று. பூசாரித் தாத்தா ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்கப்பாரு ஊனுன சூலத்துக்கும் அதே மரியாத உண்டா சாமி?” குருக்கள் சிறிது எண்ணி, “உண்டு. அதற்கும் ஒரு கும்பம் வைக்கிறேன். அதை நீங்களே சுமந்து வாருங்கள்” என்றார்.

அவ்வாறே நடந்தது. மந்திரம் ஓதி, சூலத்தின் சக்தியை நூல்சுற்றிய குடத்து நீரில் எழுந்தருளச் செய்தனர். தாத்தா அதனைத் தலையில் ஏந்திச் செம்பனை வரிசைகளின் ஊடே புதிய இடத்திற்கு நடந்தார். பேரன் பின்னால் குடை பிடித்து வந்தான். 1158-ஆம் ஆண்டின் நூல் அதனை ஒப்புக் கொண்டிருக்குமா என்பதை நான் அன்று யாரிடமும் கேட்கவில்லை.

அகோரசிவர் தமக்கு முந்திய நூல்களையெல்லாம் கற்று, தேர்ந்து, மறுக்க வேண்டியதை மறுத்து, தம் காலத்திற்கு ஒரு நூல் செய்தார். அவரைப் போற்றுவோரும் மறுப்போரும் அவர் செய்த அந்த முதல் வேலையையேனும் செய்ய வேண்டும்; படிக்க வேண்டும். படியாமல் பணிவதும் படியாமல் தூற்றுவதும் அறிஞர்க்குச் செய்யும் மரியாதை ஆகா.

உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த முறை யாரேனும் ‘விதி’ என்றால், பணிவோடு, “எந்த நூலில், எவர் எழுதியது?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்கக் கற்றுத் தந்தவன் ஓர் ஆறாம் ஆண்டு மாணவன்.