வ.உ.சி.யின் சுயசரிதையும் கவிழ்ந்த கம்பெனியும்



கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி.யைப் பற்றி பள்ளிக்கூடத்திலேயே படித்து விட்டோம். எங்கள் ஆறுமுகநேரியில் பஸ் ஏறி தூத்துக்குடியில் இறங்கினால் கல்லூரிக்கு அவர் பெயர், 2011-ல் இருந்து துறைமுகத்துக்கும் அவர் பெயர். ஆனால் அவரே எழுதிய சுயசரிதையை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? பி.காம். படிக்கிறவன் என்பதால் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கம்பெனி ஏன் விழுந்தது? அதற்கு முதலாளி தரப்பு பதில் என்ன?

முதலாளி என்று சொன்னதே தப்போ? சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16-ல் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் கொடுத்தார். தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி.க்கு காகிதத்தில் இருந்த பதவி வெறும் உதவிச் செயலாளர்! ஊர் ஊராகப் போய் பங்கு விற்றதும், பம்பாய் போய் கப்பலுக்கு அலைந்ததும் அந்த உதவிச் செயலாளர்தான். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிரில் இருந்தது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை அவன் குறைக்க, இவர்களும் குறைக்க, கடைசியில் அவன் ஓசிப் பயணமும் கையில் ஒரு குடையும் கொடுத்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. இதைத்தான் எங்கள் பாடத்தில் பிரிடேட்டரி பிரைசிங் என்கிறார்கள். சந்தையில் ஆதிக்கம் உள்ள கம்பெனி இன்று இதைச் செய்தால் 2002-ம் வருட போட்டிச் சட்டத்தில் வழக்கு போடலாம். அன்று யாரிடம் போய் புகார் சொல்வது? அவனுக்கு எத்தனையோ கடல்களில் கப்பல் ஓடியது. இங்கே போகிற நஷ்டத்தை வேறு இடத்தில் ஈடு கட்டலாம். இவர்களுக்கு இருந்தது இரண்டே கப்பல். கணக்குப் பார்த்தால் முடிவு அப்போதே தெரிகிறது.

இதற்கு நடுவில்தான் வ.உ.சி. கோரல் மில் தொழிலாளர்களோடு போய் நிற்கிறார். 1908 பிப்ரவரி 27-ல் வேலைநிறுத்தம். மார்ச் 9-ல் விபின் சந்திர பால் விடுதலையைக் கொண்டாடுகிறார்கள். மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் பலி. ஜூலை 7-ல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். ராஜதுரோகத்துக்கு ஒரு 20 வருடம், சிவாவுக்கு உடந்தை என்று இன்னொரு 20. அப்பீலில்தான் அது குறைந்தது. அவர் உள்ளே இருக்கும்போதே 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் போட்டிக்காரன் கைக்கே போனது. இவர் 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார்.

கம்பெனி கவிழ்ந்தவர்கள் தன் தரப்பைப் புத்தகமாகச் சொல்வது உலகத்தில் புதிது இல்லை. அமெரிக்காவில் ஜான் டிலோரியன் என்று ஒரு கார்க்காரர் இருந்தார். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பணத்தில் பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் தொழிற்சாலை போட்டார். 1982-ல் கம்பெனி திவால், அதே வருடம் போதைப்பொருள் வழக்கில் கைது. 1984-ல் ஜூரி குற்றவாளி இல்லை என்றது, 1985-ல் சுயசரிதை வந்து விட்டது. அதாவது ஜெயித்த கையோடு எழுதினார். வ.உ.சி. எழுதி முடிக்கும்போது தண்டனை அனுபவித்த கைதி, வக்கீல் சன்னதும் பறிபோனவர். புத்தகம் அச்சில் வந்தது 1946-ல், அவர் போய் பத்து வருடம் கழித்து!

நண்பர் பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதால் எழுதினார். அதுவும் செய்யுளில், அகவற்பாவில். பயப்படாதீர்கள், வேகமாகவே ஓடுகிறது. ஒட்டப்பிடாரத்துச் சின்னப்பையன் விளையாட்டுகளில் ஆரம்பித்து, கப்பல், வேலைநிறுத்தம், வழக்கு, கோயமுத்தூர் சிறையில் செக்கிழுத்தது, கண்ணனூர் என்று போய் விடுதலையோடு நிற்கிறது. நான் தேடியது லாப நஷ்டக் கணக்கை. அதைச் சொல்வதற்காக அவர் எழுதவில்லை. கப்பல் ஒரு தொழில், மில் வேலைநிறுத்தம் ஒரு அரசியல் என்று நாம்தான் பிரிக்கிறோம். அவருக்கு இரண்டும் ஒரே வேலை. அரசியலை விட்டிருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்பவர்களுக்கு இதுதான் அவர் தரப்பு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அரசியல் இல்லாமல் அந்த 25 ரூபாய் பங்கை யார் வாங்கியிருப்பார்கள், சொல்லுங்கள்?

ஆனாலும் ஒரு உறுத்தல். 25 ரூபாய் போட்ட சின்ன வியாபாரி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அந்தக் காலத்தில் அது சின்னப் பணம் இல்லை. போட்டது போயே போய்விட்டது. அவர்கள் யாரும் சுயசரிதை எழுதவில்லை. அவர்கள் தரப்பையும் யாராவது தேடி எழுத வேண்டும்.

வெளியே வந்த வ.உ.சி. சென்னையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்துப் பார்த்தார், ஓடவில்லை. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரனின் கம்பெனியை எதிர்த்த அதே மனிதர்தான்!

நான் தேடிய கணக்கு கடைசியில் சுயசரிதையில் இல்லை, 1936-ல் அவர் எழுதி வைத்த உயிலில் இருந்தது. எண்ணெய்க்கடை பாக்கி, ஜவுளிக்கடை பாக்கி, சில்லறைக் கடன் என்று யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என ஒன்று விடாமல் வரிசையாக எழுதி வைத்துவிட்டு, அந்த நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் இறந்து போனார்.